உபகரணச் சோதனையில் பிஸ்டல் நிற்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சோதனை மேசையில் பிஸ்டலை வைத்ததும் அதிகாரி முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: ட்ரிகர் எடைக்கட்டியைத் தூக்குகிறதா, பிஸ்டல் சோதனை அளவுப் பெட்டிக்குள் அடங்குகிறதா, தராசில் வரம்புக்குள் நிற்கிறதா. கிரிப் (கைப்பிடி), சைட் (குறிபார்க்கும் பகுதி), தோட்டா பற்றிய கேள்விகள் அதற்கு அப்புறம். எதில் இடறினாலும் பெரும்பாலும் ஓர் ஆலன் கீயும் கால் மணி நேரமும் போதும். தொல்லை என்னவென்றால், ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கெட்டுப்போகும். கிரிப்பை நகர்த்தினால் பெட்டி மூடாது. முன்பாரத்தை, அதாவது முன்பக்கம் மாட்டும் எடையை, கழற்றினால் கைக்குப் பழகிய சமநிலை போய்விடும். ட்ரிகர் நாக்கைச் சாய்த்தால் ட்ரிகர் எடையே, அதாவது அதை இழுக்கத் தேவையான விசையே, மாறிவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எதைத் தொடுவது என்பதோடு, தொட்டால் வேறு எது நகரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிகளின்படி நடக்கும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலையும் 25 மீட்டர் .22 பிஸ்டலையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 50 மீட்டர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடையிலும் கட்டுப்பாடு இல்லை, அளவிலும் இல்லை. அதில் இந்தத் தலைவலி பாதி கிடையாது.

எண்கள் இவை. ஏர் பிஸ்டல் என்றால் 4.5 மி.மீ. விட்டம், மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, ட்ரிகர் 500 கிராமுக்குக் குறையக் கூடாது, பிஸ்டல் முழுதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். 25 மீட்டர் .22 என்றால் 5.6 மி.மீ. லாங் ரைஃபிள் தோட்டா. எடை அதிகபட்சம் 1400 கிராம். ட்ரிகர் குறைந்தபட்சம் 1000 கிராம். பெட்டி 300 × 150 × 50 மி.மீ.; அதோடு பேரல் நீளம் 153 மி.மீ., முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலான தூரம் 220 மி.மீ. என்ற இரண்டு உச்சவரம்புகள். விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படும். போட்டிக்குப் போகும் முன் நடப்புப் பதிப்பில் உங்கள் பிரிவின் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எதில் கை வைத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். மேகசின் வெளியே, தோட்டா அறை காலி, கண்ணால் பார்த்து உறுதி, பேரல் பாதுகாப்பான திசையில். ஏர் பிஸ்டலிலும் இதேதான்; 'காற்றுதானே' என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் நிற்காதீர்கள்.

வேலையின் வரிசை: முதலில் கிரிப், அடுத்து சைட், பிறகு பாரக்கட்டிகள், பெட்டி, தராசு, கடைசியில் ட்ரிகர். கிரிப் முடிவாகாமல் விரல் ட்ரிகரில் எங்கே விழும் என்று தெரியாது. அது தெரியாமல் நாக்கின் இடத்தை முடிவு செய்ய முடியாது. நாக்கு ஓர் இடத்தில் நிலைக்காமல் எடை வைத்தால் அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.

அறிகுறி: ட்ரிகர் எடைக்கட்டியைத் தூக்கவில்லை

அதிகமாகத் திரும்பி வரும் பிஸ்டல் இதனால்தான் வருகிறது. சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பேரல் நேர் செங்குத்தாக மேல்நோக்கி இருக்கும். ட்ரிகரின் நடுப்பகுதிக்கு அருகில் எடைக்கட்டியின் கொக்கியை மாட்டி, சமதளத்தில் கிடக்கும் கட்டியை மெதுவாக மேலே எடுப்பார்கள். கொக்கியின் விளிம்பு கத்திமுனை மாதிரி மெல்லியதாக இருக்கும். உருளை வைத்த கொக்கிக்கு அனுமதி இல்லை, ஸ்ப்ரிங் வைத்த கருவிக்கும் இல்லை. ஏர் பிஸ்டல் என்றால் காற்று செயல்படும் நிலையில், உண்மையில் சுடுகிற மாதிரியே தயார் செய்திருக்க வேண்டும். கட்டி தரையை விட்டு எழும்பும்போது ட்ரிகர் விழாமல் தாங்க வேண்டும். அதிகபட்சம் மூன்று முயற்சி. மூன்றிலும் தாங்காவிட்டால் சரிசெய்த பிறகே திரும்பக் கொண்டுவர முடியும்.

ட்ரிகர் எந்த விதத்தில் விழுகிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

கட்டி தரையை விட்டு எழும்பும் முன்பே 'டிக்' என்று விழுந்தால் எடை உண்மையிலேயே குறைவு; வேறு மர்மம் எதுவும் இல்லை. போட்டி ட்ரிகர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டம் கொண்டவை. முதல் கட்டம் ஸ்ப்ரிங்கின் இழுப்பு. இரண்டாம் கட்டம் சுவர் மாதிரி முட்டி நின்று உடையும் இடம். சோதனை பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே. முதல் கட்டத்தில் 390 கிராமும் இரண்டாவதில் 120 கிராமும் இருந்தால் மொத்தம் 510. இப்படிக் குறையும்போது முதல் கட்டத்தை ஏற்றுவதே நல்லது. இரண்டாம் கட்டத்தின் உணர்வைத்தான் உங்கள் விரல் மாதக்கணக்கில் பயிற்சியில் மனப்பாடம் செய்திருக்கிறது. அதைப் போட்டிக் காலையில் மாற்றுவது வீண் வம்பு. முதல் கட்டம் பத்து கிராம் கூடினால் விரலுக்குத் தெரியவே தெரியாது. கால் சுற்று திருப்பி ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரே மூச்சில் இரண்டு சுற்று திருப்பாதீர்கள்.

கட்டி எழும்பி, ஒரு நொடி தொங்கி, அப்புறம் விழுந்தால் கதை வேறு. எடை விளிம்பில் இருக்கலாம். அல்லது உள்ளே கொக்கியும் பல்லும் கடித்து நிற்கும் ஆழம் மிகக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, மொத்த எடையை வேண்டுமென்றே 50 கிராம் ஏற்றிவிட்டு மறுபடி தூக்கிப் பாருங்கள். இப்போது கல்லாக நின்றால் பிரச்சினை எடையில்தான். திரும்ப இறக்கி, இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளலாம். ஏற்றிய பிறகும் சில நொடி தொங்கி விழுகிறது என்றால் கடி ஆழம் போதவில்லை. கையேட்டில் அதற்கான திருகு எது என்று பார்த்து, எட்டில் ஒரு சுற்று ஆழத்தைக் கூட்டுங்கள். எடையைப் புதிதாக வைக்க வேண்டிவரும், ஏனென்றால் இந்தத் திருகு இரண்டாம் கட்டத்தையும் சேர்த்து நகர்த்தும்.

ஒருமுறை தேறுகிறது, அடுத்த முறை விழுகிறது என்றால் முதலில் கொக்கியைச் சந்தேகப்படுங்கள். ட்ரிகர் நாக்கு ஒரு நெம்புகோல். சுழல் அச்சு மேலே இருக்கிறது. அச்சிலிருந்து தள்ளி, நாக்கின் நுனிக்கு அருகில் கட்டி தொங்கினால் அதே 500 கிராம் இன்னும் பலமாக இழுக்கும். நாக்கு நுனிப்பக்கம் சரிந்திருந்தால் கொக்கி தூக்கும் வேளையில் வழுக்கி நுனிக்குப் போய்விடும். வீட்டில் நடுவில், சற்று மேலே, சற்றுக் கீழே என மூன்று இடத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். கீழே மாட்டும்போது மட்டும் விழுகிறது என்றால் இரண்டு வழி உண்டு. நாக்கின் சாய்வைக் கொஞ்சம் திருத்தி, கொக்கி நடுவில் நிற்கும்படி செய்யலாம். அல்லது கீழே மாட்டினாலும் தாங்கும் அளவுக்கு எடையை ஏற்றலாம். எனக்கு இரண்டாவது பிடிக்கும். மேசையில் யார் இருப்பார், கொக்கியை எங்கே மாட்டுவார் என்பது நம் கையில் இல்லை.

எவ்வளவு இடைவெளி விடுவது? ஏர் பிஸ்டலுக்கு 510 முதல் 520 கிராம், .22க்கு 1020 முதல் 1040 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 500இல் நிறுத்துவதில் சிலருக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. குளிரில் எண்ணெய் கெட்டியாகும், வெயிலில் இளகும், பழைய எண்ணெய் பிசினாகும், .22இன் அதிர்வில் திருகு தளரும், பெட்டியில் குலுங்கிப் பயணம் செய்யும். இவை எல்லாம் சேர்ந்து பத்து கிராமை எந்தப் பக்கமும் தள்ளும்.

அறிகுறி: வீட்டில் தேறியது, மேசையில் தேறவில்லை

அளக்கும் கருவி வேறுபட்டிருக்கும், இல்லையென்றால் வழியில் ஏதோ நகர்ந்திருக்கும். இழுத்துப் பார்க்கும் ஸ்ப்ரிங் தராசோ டிஜிட்டல் கேஜோ வைத்து அளப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. கையால் இழுக்கும்போது கோணம் மாறும், வேகம் மாறும், கருவி உச்சத்தைப் பிடித்துக் காட்டும். கிடைக்கும் எண் பெரும்பாலும் உங்கள் மனதுக்குப் பிடித்த எண்ணாகவே இருக்கும். தொங்கும் கட்டிக்கு அந்தத் தயவு இல்லை. ஒரு கட்டியை வாங்கிவிடுங்கள். வாங்க முடியாவிட்டால், தட்டையான விளிம்புள்ள கொக்கியோடு ஒரு உலோகத் துண்டைச் சேர்த்து, நம்பகமான தராசில் 500 கிராம் வருமாறு செய்துகொள்ளலாம். உங்கள் தராசு சரிதானா என்று எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துப் பார்த்த பிறகு.

கருவி சரி, ஆனாலும் விழுகிறது என்றால் சுடாமல் பயிற்சி செய்யும் நெம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சி நிலையில் ட்ரிகர் எடை சில பிஸ்டல்களில் சற்று வேறாக இருக்கும். வீட்டில் அந்த நிலையிலேயே அளந்து பழகியிருந்தால், மேசையில் காற்றோடு அளக்கும்போது எண் மாறும்.

போட்டி இடங்களில் வரிசைக்கு முன்பே சுயமாக அளந்து பார்க்கக் கட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒருமுறை, முடிந்தால் அதே அதிகாரியின் கட்டியில் ஒருமுறை பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

அறிகுறி: எடை தேறியது, ஆனால் ட்ரிகர் விசித்திரமாக நடக்கிறது

எடையைத் துரத்தித் திருகுகளைச் சுற்றியவர்களுக்கு வரும் பின்விளைவு இது.

இரண்டாம் கட்டமே காணாமல் போய், ஒரே இழுப்பில் நேராக விழுகிறது என்றால் முதல் கட்டத்தின் பயணத்தூரத் திருகு அளவு கடந்துபோயிருக்கிறது, அல்லது இரண்டாம் கட்ட ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது. தயாரிப்பாளர் கையேட்டில் தொடக்க நிலை கொடுத்திருப்பார். அதற்கே திரும்பிப் போய் முதலிலிருந்து வைப்பது, இருக்கிற குழப்பத்துக்கு மேல் இன்னொரு திருகைத் தொடுவதைவிட வேகமானது.

மெதுவாக இழுத்தால் சுடவே இல்லை, வேகமாக இழுத்தால் சுடுகிறது என்றால் ட்ரிகர் ஸ்டாப்பைப் பாருங்கள். உடைந்த பிறகு நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திருகு அது. அதை இறுக்கமாக வைத்தால் உடையும் முன்பே நாக்கு முட்டி நின்றுவிடும். ஸ்டாப்பை ஒரு கால் சுற்று பின்னால் விடுங்கள்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. காலியான பிஸ்டலைத் தயார் நிலையில் வைத்து, கிரிப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டினால் தானாக விழுகிறது; அல்லது .22இல் ஓர் இழுப்புக்கு இரண்டு தோட்டா போகிறது. கடி ஆழம் பாதுகாப்பான அளவுக்கும் கீழே போய்விட்டது, அல்லது விளிம்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். இதைத் திருகால் ஒப்பேற்ற வேண்டாம். பிஸ்டலை மூடி வையுங்கள், இந்த வேலை தெரிந்த ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுங்கள். அன்றைய போட்டி போனால் போகட்டும்.

மோரினி சிஎம் 162இஐ மாதிரி மின்னணு ட்ரிகர் உள்ள பிஸ்டல்களில் இயந்திரக் கடி என்ற பிரச்சினை குறைவு. பதிலாக பேட்டரி வரும். சில நேரம் சுடுகிறது, சில நேரம் இல்லை என்றால் எந்தத் திருகையும் தொடும் முன் பேட்டரியை மாற்றுங்கள், தொடுமுனையைத் துடையுங்கள். மின்னணு ட்ரிகருக்கு விதியில் தடை இல்லை. அதன் பாகங்கள் எல்லாம் பிஸ்டலின் உடலிலோ கிரிப்பிலோ உறுதியாக அடங்கியிருக்க வேண்டும், சோதனைக்கு முழுமையாக வைக்க வேண்டும், எடையும் பெட்டியும் அதற்கும் பொருந்தும்.

அறிகுறி: பெட்டி மூடவில்லை

எந்தப் பக்கம் இடிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அட்டையில் உள்ளளவு சரியாக இருக்கும்படி ஒரு பெட்டி செய்து, உள்சுவரில் சாக்பீஸ் தேயுங்கள். பிஸ்டலை வைத்து எடுத்தால் இடிக்கும் இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும்.

50 மி.மீ. பக்கம் இடித்தால் கிட்டத்தட்ட எப்போதும் கிரிப்தான். மர மக்கு வைத்துக் கையின் வடிவத்துக்கு வளர்த்த கிரிப்புகளில் இது சகஜம். உள்ளங்கையை நிரப்ப ஒரு பக்கம், கட்டைவிரலுக்கு மறுபக்கம் என்று வைத்துக்கொண்டே போனால் மொத்த அகலம் எப்போது 50ஐத் தாண்டியது என்றே தெரியாது. வெளிப்பக்கத்தில் கை படாத இடத்தை உப்புத்தாளால் இழையுங்கள். கை படும் உட்பக்கத்தைத் தொட வேண்டாம். சில நேரம் கிரிப் குற்றவாளியே இல்லை, பின் சைட்டின் பக்கவாட்டுத் திருகு நீட்டிக்கொண்டிருக்கும். இடவலம் அதிகம் திருப்பிய சைட்டில் இப்படி வரும். அப்படியென்றால் சைட் ஏன் அவ்வளவு ஓரத்துக்குப் போனது என்பதுதான் உண்மையான கேள்வி. கிரிப் கைக்குள் திரும்பி உட்காருகிறது, அதைச் சைட் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

உயரத்தில் இடித்தால் உள்ளங்கை தாங்கி (கிரிப்பின் அடியில் கையைத் தாங்கும் பகுதி) மிகக் கீழே இறங்கியிருக்கும். கை பெரிதாக இருப்பவர்களுக்கு 25 மீட்டர் பெட்டியின் 150 மி.மீ. நெருக்கடிதான். தாங்கியை ஏற்றினால் கை இறுகும். இறுகினால் கிரிப்பின் மேல்வளைவைக் குடைந்து கையை மேலே ஏற்ற வேண்டும். அரை மணி நேர வேலை இல்லை அது. போட்டிக்குச் சில வாரம் முன்பே செய்யுங்கள்.

நீளத்தில் இடித்தால் முன்பாரம், நீட்டிய முன் சைட், கிரிப்பின் சாய்வு என்ற வரிசையில் பாருங்கள். சாய்வைக் கூட்டினால் நீளத்தோடு உயரமும் மாறும், இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும். மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுவது தேறியதாகக் கணக்கில்லை. பெட்டியின் தயாரிப்பில் ஒரு மில்லிமீட்டர் வரை கூடுதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது; அது பெட்டி செய்பவருக்கான சலுகை. அதை நம்பிக் கிரிப் செதுக்கினால் கச்சிதமாகச் செய்த ஒரு பெட்டி ஒருநாள் எதிரே வரும்.

அறிகுறி: தராசு வரம்பைத் தாண்டுகிறது

பாரக்கட்டி, காலி மேகசின், ஒட்டிய எல்லாமும் சேர்த்துத்தான் எடை. ஏர் பிஸ்டல்காரர்கள் மறப்பது காற்றை. 100 மி.லி. சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 20 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் வைத்தால் 24 கிராம் வருகிறது. பாதி தீர்ந்த சிலிண்டரோடு வீட்டில் 1490 காட்டியது, நிரப்பியதும் வரம்பைத் தொட்டுவிடும். நிறைந்த சிலிண்டரோடு எடை போடுங்கள்.

குறைக்க வேண்டுமென்றால் பலரும் முன்பாரத்தைக் கழற்றுவார்கள், கழற்ற எளிது என்பதால். அன்று முழுதும் முன் சைட் ஆடிக்கொண்டிருக்கும். கிரிப்பில் தேவையில்லாத மக்கு, பின்பக்கக் கட்டி, ஸ்டீல் சிலிண்டருக்குப் பதில் அலுமினியம் என்று முதலில் தேடுங்கள். சிலிண்டர் பேரலுக்குக் கீழே முன்பக்கம் இருப்பதால் அதை மாற்றினாலும் சமநிலை கொஞ்சம் மாறும். முன்பாரத்தை ஒரு துளை முன்னே நகர்த்தி ஈடுகட்டலாம். நகர்த்திய பிறகு பெட்டியின் நீளத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

அறிகுறி: கிரிப்பை ஏற்க மறுக்கிறார்கள்

விதியின் சாரம் ஒன்றுதான். கிரிப் கையைத் தாங்கலாம், மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. உள்ளங்கை தாங்கிக்கும் கிரிப்புக்கும் இடையிலான கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. தாங்கியின் ஓரம் மேல்நோக்கி வளைந்து கையைத் தொட்டில் மாதிரி ஏந்தக் கூடாது. கட்டைவிரல் தாங்கியும் மேலே வளையக் கூடாது, அதற்கு எதிர்ப்பக்கம் கீழே வளையவும் கூடாது. கையைச் சுற்றி வளைக்கும் கிரிப்புக்கு இடமே இல்லை. மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். கண் மதிப்பில் 85 டிகிரியும் 90 மாதிரிதான் தெரியும். மக்கு காயும்போது கை அழுத்தத்தில் ஓரம் எழும்பி நிற்பது வழக்கமான குற்றம். அரத்தால் ராவிவிட்டால் சரியாகிவிடும்.

25 மீட்டர் பிஸ்டலில் இன்னொன்று உண்டு. வழக்கமாகப் பிடிக்கும்போது பேரலின் மையக்கோடு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவுக்கு மேலே செல்ல வேண்டும். கிரிப்பைக் குடைந்து கையை மேலே ஏற்றுகிறவர்கள் இந்தக் கோட்டை மனதில் வைக்க வேண்டும்.

பழைய பிஸ்டலை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். ரேபிட் ஃபயர் பிரிவில் (25 மீட்டரில் ஐந்து குண்டை வேகமாகச் சுடும் போட்டி) 2005 முதல் விதி மாறியது. .22 ஷார்ட் தோட்டாவும் அதற்கென்று செய்த பிஸ்டல்களும் ஒதுக்கப்பட்டு, .22 லாங் ரைஃபிளும் 1000 கிராம் ட்ரிகரும் வந்தன. அதற்கு முந்தைய காலத்துக் கையைச் சுற்றும் கிரிப்போடு கிடைக்கும் அழகான பிஸ்டலைத் திருகிச் சரிசெய்ய முடியாது. அலமாரிக்குத்தான் ஆகும்.

மேசையில் பிஸ்டலோடு கையையும் பார்ப்பார்கள். சுடும் கையில் கடிகாரம், வளையம், மணிக்கட்டுப் பட்டை எதுவும் கூடாது.

சைட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திறந்த சைட் மட்டும். கண்ணாடி, லேசர், தொலைநோக்கி எதுவும் பிஸ்டலில் கூடாது. பார்வைத் திருத்த லென்ஸ் வேண்டுமென்றால் அதைக் கண்ணில் அணிய வேண்டும், பிஸ்டலில் மாட்டக் கூடாது. 25 மீட்டரில் தூரம் 220ஐத் தாண்டினால் பின் சைட்டையோ முன் சைட்டையோ உள்ளே நகர்த்துங்கள். அப்புறம் மறுபடி இலக்குக்குச் சரிபாருங்கள்.

அறிகுறி: தோட்டாவில் பிரச்சினை

ஏர் பிஸ்டலில் விதிச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. ஈயமோ அது மாதிரி மென்மையான பொருளோ ஆன 4.5 மி.மீ. பெல்லட் போதும். ஐந்து பெல்லட் பிடிக்கும் பிஸ்டலாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏற்ற வேண்டும். இலக்கில் குண்டுகள் விழும் இடம் பரவினால் பெல்லட்டின் தலை அளவை மாற்றிப் பாருங்கள். 4.48 முதல் 4.52 வரை கிடைக்கும், உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்பதைப் பேரல்தான் சொல்லும்.

.22இல் விஷயம் கனமானது. உலோக உறை போட்ட குண்டுக்கு அனுமதி இல்லை. மேலே செம்பு பூசி மினுமினுக்கும் வேகத் தோட்டாக்களோடு மேசையில் வாதாடுவதைவிட வெறும் ஈயக் குண்டு வாங்கிக்கொள்வது நிம்மதி. ரேபிட் ஃபயரில் இதற்கு மேலும் இரண்டு நிபந்தனை: குண்டு குறைந்தது 2.53 கிராம், அதாவது 39 கிரெய்ன் இருக்க வேண்டும். சராசரி வேகம் நொடிக்கு 250 மீட்டருக்குக் குறையக் கூடாது. உதைப்பு குறைந்த பலவீனமான தோட்டாவால் ஐந்து குண்டை நிம்மதியாகச் சுட்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். வழக்கமான 40 கிரெய்ன் குண்டு 2.59 கிராம் வருவதால் எடையில் யாரும் மாட்டுவதில்லை. மாட்டுவது வேகத்தில். பெட்டியின் மேல் அச்சடித்த வேகம் பெரும்பாலும் நீளமான ரைஃபிள் பேரலில் அளந்தது. உங்கள் குட்டைப் பேரலில் அது கணிசமாகக் குறையும், குளிரில் இன்னும் குறையும். 'பிஸ்டலுக்கென்றே மென்மையானது' என்று விற்கும் தோட்டாவை எடுத்தால் உங்கள் பிஸ்டலிலேயே குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளந்து, 260க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் பிஸ்டலைத் தொடாதீர்கள், வேறு தோட்டா எடுங்கள்.

காலி உறை முழுதாக வெளியேறாமல் மாட்டிக்கொள்வது, அடுத்த தோட்டா ஏறாமல் நிற்பது: இதற்கும் பலவீனமான தோட்டாவே முதல் சந்தேகம். அடுத்தது அறையில் படிந்த மெழுகும் கரியும், அதற்கடுத்து மேகசினின் உதடு. முதல் இரண்டையும் பார்க்காமல் ஸ்ப்ரிங்கை வெட்டுவது அநியாயம். ஒரு சத்தம் மட்டும் வழக்கத்தைவிட மங்கலாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலில் சிக்கியிருக்கலாம். பின்னால் அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், கைக்கும் ஆபத்து.

போட்டி நடுவே இப்படி ஆனால் பிஸ்டலைத் திறக்கும் ஆசையை அடக்குங்கள். அதிகாரி பார்க்கும் முன் பூட்டையோ பாதுகாப்புத் தாழையோ தொட்டால், ஏற்கப்படக் கூடிய கோளாறுகூட ஏற்கப்படாத கோளாறாகிவிடும். தாழை விடுவிக்க மறந்தது, மேகசினைச் சரியாக மாட்டாதது, குறைவாகத் தோட்டா போட்டது ஆகியவையும் அந்தப் பட்டியலில்தான் வரும்.

அறிகுறி: சிலிண்டரைத் தள்ளிவிட்டார்கள்

காலாவதி. சிலிண்டரின் மேல் பொறித்த தேதியைப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தருவது பத்து ஆண்டு. அது கடந்துவிட்டால் அழுத்தம் நன்றாக நின்றாலும் பயனில்லை, பொறுப்பு சுடுபவருடையது. இதைச் சரிசெய்ய வழி இல்லை, புதிது வாங்க வேண்டியதுதான். சீசன் தொடங்கும் முன்பே பாருங்கள், உதிரிச் சிலிண்டரின் தேதியையும் சேர்த்து. ஒரே இரவில் அழுத்தம் இறங்குகிறது என்றால் அது வேறு நோய். சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்).

எல்லாம் முடிந்த பிறகு

திருகுகளை ஒரு முறை, இறுக்காமல், தொட்டு மட்டும் பாருங்கள். தோட்டா அறை காலி என்று காட்டச் செருகும் பாதுகாப்புக் கொடி பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும், ஏர் பிஸ்டலுக்குப் பேரல் நீளம் முழுதும் போக வேண்டும். துண்டுக் கொடியை ஏற்க மாட்டார்கள். கிரிப்பைத் தொட்டிருந்தால் இலக்கில் புள்ளி நகர்ந்திருக்கும், சைட்டை அங்கேயே திருத்துங்கள்.

பிஸ்டலுக்கு ஒட்டுச்சீட்டு கிடைத்த பிறகு எதையாவது மாற்றினால் அந்த ஒட்டு செல்லாது, மறுபடி மேசைக்குப் போக வேண்டும். சுட்டு முடித்த பிறகும் பெயர் குலுக்கலில் வந்தால் ட்ரிகரை மறுபடி தூக்கிப் பார்ப்பார்கள். இந்தச் சோதனையில் விழுந்தால் சரிசெய்து கொண்டுவரும் வாய்ப்பு கிடையாது, தகுதி நீக்கம்தான். 510, 520 என்று விட்ட இடைவெளி முக்கியமாக இந்த நிமிடத்துக்குத்தான்.